திருக்கணிதக் கைவிசேடம்

அந்தக் கடதாசியை மான் தின்னாமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திருகோணமலை மான்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை கோட்டைக்குள் மேயும், பஸ் நிலையத்தில் படுத்திருக்கும், மனம் வந்தால் துறைமுகப் பக்கம் உலாத்தவும் வரும். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கு, ஒரு பங்குனி மாதப் பின்னேரம், மூதூர்ப் படகு வந்து கட்டும் இறங்குதுறைக்குப் பக்கத்தில், சாம்பவியின் தேத்தண்ணிக் கடைச் சுவரில் வாயை வைத்து ஒரு மான் எதையோ ஆசை ஆசையாகச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஏய்! ஏய்! விடு அதை... ஐயோ, விடன்!"

ஒருவன் ஓடி வந்தான். மடிக்கணனியை நெஞ்சோடு அணைத்தபடி, ஒரு செருப்பு கழன்றது கூடத் தெரியாமல்... மானுக்கென்ன? அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிச்சத்தையும் விழுங்கியது. சுவரில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள் உள்ள ஒரு மூலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சாம்பவி வடைக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஆரைக் கேட்டு என்ட கடைச் சுவரில கடதாசி ஒட்டினனீங்கள்?"

"கேக்கத்தான் வந்தனான்... நீங்கள் உள்ளுக்கு நிண்டனீங்கள். ஒட்டிப்போட்டுக் கேப்பம் எண்டு..."

"நல்ல கதை! முதல் ஒட்டிறது, பிறகு கேக்கிறதோ? பசையோட சேத்துத் திண்டிட்டுது. அதுக்கு வயித்துக்கு ஏதும் வந்தால் என்னைத்தான் வந்து பிடிப்பினம்."

"ஒண்டும் வராது. கோதுமை மாப் பசைதான். அம்மா காய்ச்சித் தந்தவ."

சொல்லிவிட்டு அவன் மானைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். திரும்ப மானைப் பார்த்தான்.

"என்ன, மாறி மாறிப் பாக்கிறியள்?"

"இல்லை... கண் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கிடக்கு."

"இந்தக் கரண்டி தெரியுதோ?"

"ஓம், ஓம். தெரியுது."

சிரித்தான். நித்திரை குறைந்து லேசாகச் சிவந்த கண்கள். ஆனால் சிரிக்கும்போது முதலில் அவைதான் சிரித்தன, வாய் பிறகுதான்... 'என்ன இது, இவ்வளவு கிட்ட நின்று பார்க்கிறேன்' என்று சாம்பவிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. கரண்டியைக் கீழே இறக்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா மழை வரவேண்டும்? கொட்டியாரக் குடாவின் அந்தக் கரையில், மூதூர்ப் பக்கம் முதலில் மறைந்தது. பிறகு நடுக்கடலில் நின்ற கப்பல் மறைந்தது. பிறகு படபடவென்று தகரக் கூரையில் விழுந்தது. மான் ஓடிவிட்டது. அவனுக்கு ஓட இடமில்லை. கடைத் தாழ்வாரத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

"உள்ளுக்கு வந்து நில்லுங்கோ. கணனி நனையப்போகுது," என்றாள் அவள். கணனிக்காகத்தான் சொன்னாள், நம்புங்கள்.

பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். பெயர் விதுசன் என்றான். தம்பலகாமத்துப் பிள்ளை. மூன்று சிநேகிதர்களோடு இந்த வீதியிலேயே மேல்மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு வேலை செய்கிறான்.

"என்ன வேலை?"

"காசு அனுப்பிற அப் ஒண்டு கட்டுறம். அக்கா டுபாயில வேலை. சின்னச் சின்னத் தொகைதான் அனுப்புவா, அனுப்பிற கூலியே அதில ஒரு துண்டைக் கடிச்சுப்போடும். அதைக் கண்டுதான் எனக்கு இந்த விசர் பிடிச்சது. கூலி இல்லாத மாதிரி, கண் மூடித் திறக்க முதல் போய்ச் சேரோணும். கிரிப்டோவில ரெண்டாவது..."

"உஷ்ஷ்ஷ்!"

அவளுடைய விரல் தானாக அவன் வாய்க்கு நேரே போய், ஒரு சாண் தூரத்தில் நின்றது. கண்கள் குசினிப் பக்கம் ஓடின.

"அந்தச் சொல்லை இந்தக் கடையில சொல்லக்கூடாது," என்றாள் மெல்ல. "அப்பா உள்ளுக்கு நிக்கிறார்."

குசினியில் தவராசா தலையைக் குனிந்தபடி உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார். தவராசாவைத் தெரியாதவர்கள் அந்தத் துறையில் இல்லை. ஒரு காலத்தில் கடை முகப்பில் கதிரையைப் போட்டுக்கொண்டு, படகில் வருகிற போகிற எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனிசன் அவர். அவருடைய சிரிப்பு படகுக்குக் கேட்கும். பிறகு அந்தக் கஷ்ட காலம் வந்தது. நாடே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் வந்து, காசைப் போட்டால் கொயினாகும், கொயின் மூன்று மடங்காகும் என்று காட்டினான். தவராசா நம்பினார். நம்பியதோடு நின்றாரா? வாங்கோ, நீங்களும் போடுங்கோ, பிள்ளையளுக்கு உதவும் என்று துறை முழுக்கக் கூப்பிட்டுச் சேர்த்துவிட்டார். ஒரு நாள் அந்த இணையப் பக்கம் திறக்கவில்லை. கழுத்துப்பட்டிக்காரனின் போனும் திறக்கவில்லை.

யாரும் வந்து தவராசாவின் சட்டையைப் பிடிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. கதிரையை எடுத்து உள்ளே போட்டுவிட்டார். அன்றிலிருந்து மகள்தான் முகப்பில், அவர் குசினியில். வருசப்பிறப்பு வந்தால் கைவிசேடம் கூடக் கொடுப்பதில்லை. சுப நேரத்தில் வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்து, அந்த வருசத்தின் முதல் காசாக வீட்டுப் பெரியவர் கையால் வாங்குவது... முதலில் யார் கை கொடுக்கிறதோ அந்தக் கையின் ராசிதான் வருசம் முழுக்க என்பார்கள். "என்ட கை விளங்காத கை, பிள்ளை. வேண்டாம்," என்று அறைக்குள் போய்விடுவார். அம்மாவும் இல்லாத அந்த வீட்டில், சாம்பவி மூன்று வருசப்பிறப்பாக வெறுங்கையோடு சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இதையெல்லாம் ஒரு முன்பின் தெரியாதவனிடம் ஏன் சொன்னாள்? தெரியாது. மழை விட நேரமாயிற்று, அவ்வளவுதான்.

அவன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "கோப்பையைக் கழுவி வைக்கட்டோ?" என்று கேட்டான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

*

அடுத்த நாள் வந்து, இம்முறை முதலில் கேட்டான். பிறகும் ஒட்டவில்லை. ஓம் என்று வாயால் சொல்லும்வரை கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"இந்தச் சதுரத்தைப் போனால படம் பிடிச்சால் உங்களுக்குக் காசு வரும். ஆனா இது சோதனைக் காசு. ஒரு சதத்துக்கும் பெறுமதியில்லை. தேத்தண்ணிக்கு உண்மையான காசு கையிலதான் தருவம். அதோட இதையும் ஒருக்கா அமத்திப் பாக்கிறது, அவ்வளவுதான்."

"அதுக்கு என்ட கடைதானோ கிடைச்சது?"

"இஞ்ச சிக்னல் சரியான மோசம். படகு வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில தேத்தண்ணி கேப்பினம். இஞ்ச ஓடினால் உலகத்தில எங்கையும் ஓடும்."

"அதுக்காக மட்டும்தானோ?"

"வடையும் நல்லம்," என்றான். கண்கள் முதலில் சிரித்தன.

அப்பாவுக்குத் தெரியாமல் இதற்கு ஏன் சம்மதித்தாள் என்று கேட்டால், அவள் படகுச் சனத்தைச் சொல்லுவாள், வியாபாரத்தைச் சொல்லுவாள். நாம் ஒன்றும் கேட்கவேண்டாம், விடுங்கள்.

இருவரும் ஒரே மர வாங்கில், நடுவில் ஒரு வடைத் தட்டை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவன் விளங்கப்படுத்தினான்.

"கீழ ஒரு பெரிய பதிவு இருக்கு. அதில ஒண்டு எழுதினால் எழுதினதுதான், அழிக்க ஏலாது. ஆனா சரியான ஆறுதல், மெல்ல மெல்லத்தான் ஏறும், கூலியும் கூட. கச்சேரியில காணி பதியிற மாதிரி."

"தேத்தண்ணி குடிச்சதுக்கு ஆரும் கச்சேரிக்குப் போவினமோ?"

"அதேதான்! அதுக்குத்தான் மேலால ரெண்டாவது தட்டு. இப்ப உங்கட போனுக்கும் என்ட போனுக்கும் நடுவில ஒரு சனல், தனி வாய்க்கால் மாதிரி, திறக்கிறம். அதுக்குள்ள நாங்கள் ரெண்டு பேர் மட்டும். எத்தினை தரமும் குடுக்கலாம், வாங்கலாம். ரெண்டு பேரும் கடைசியா ஓம் எண்ட கணக்குத்தான் கணக்கு, முந்தினதெல்லாம் இல்லாமல் போயிடும். மூடேக்கைதான் கீழ பதியிறது."

"ஆர் மூடிறது?"

"சண்டை பிடிக்காமல் மூடிறதெண்டால்... ரெண்டு பேரும் சம்மதிக்கோணும்."

சொல்லிவிட்டு அவன் ஏனோ கடலைப் பார்த்தான். அவளும் ஏனோ வடைத் தட்டைப் பார்த்தாள்.

அவன் அங்கிருந்து ஒன்றை அனுப்பினான். அவளுடைய போன் பேசியது. "விதுசனிடமிருந்து வந்து சேர்ந்தது."

"ஐயோ, இது உங்கட குரல்!"

"மாக்கையோட போனைத் தொட ஏலாதெல்லோ. காதால கேட்டால் காணும்."

"இழவு வீட்டு அறிவித்தல் மாதிரிக் கிடக்கு."

"அப்ப நீங்கள் பேசித் தாங்கோவன்!"

பேசிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் போன் அவள் குரலில் பேசியது, அவள் போன் அவன் குரலில்.

படகு வரும் நேரமெல்லாம் அவனுடைய சிநேகிதர்கள் தேத்தண்ணி குடித்தார்கள். வயிறு ஊதும்வரை குடித்தார்கள். எங்கே தாமதிக்கிறது, எங்கே தடைப்படுகிறது என்று விதுசன் தாழ்வாரத்தில் குந்தியிருந்து பார்த்தான். தவராசாவுக்கு அவன் அடிக்கடி வருகிற ஒரு வாடிக்கைக்காரன், அவ்வளவுதான்.

பிறகு, அவன் தம்பலகாமத்துக்குப் போய்விட்ட மழைப் பின்னேரங்களில்... கடையில் ஆள் இல்லாதபோது போன் மெல்லச் சொல்லும், "விதுசனிடமிருந்து வந்து சேர்ந்தது." ஒரே ஒரு காசு. சாம்பவி கையைத் துடைத்துவிட்டு அதைத் திருப்பி அனுப்புவாள். கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வரும். அவள் திரும்ப அனுப்புவாள். கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியே துறைமுகத்து வெளிச்சங்கள் மழையில் கரைந்து நீளமாக ஆடும். கோணேசர் கோயில் மணி காற்றில் வந்து வந்து போகும். என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு நித்திரை வர நேரம் செல்லும்...

*

சித்திரை பிறக்க முதல் வாரம், விதுசன் கண்கள் மின்ன வந்தான்.

"பெரிய சோதனை ஒண்டு செய்யப்போறம். வருசத்தண்டு கைவிசேட நேரத்தில, பேர் தந்த எல்லாற்ற போனுக்கும் ஒரே நொடியில சோதனைக் காசு போகும். அவ்வளவு பாரத்தையும் தாங்குதோ எண்டு பாக்கோணும். சனம் எல்லாம் ஒரே நேரத்தில காசு குடுக்கிற நாள் வேற எது?"

அவள் முகம் மாறியதைக் கண்டு நிறுத்தினான்.

"விதுசன்... எனக்கு மட்டும் அனுப்பக்கூடாது. அண்டைக்கு என்ட போன் வாய் திறக்கக்கூடாது."

"ஏன்?"

"அப்பா இந்த முறை கைவிசேடம் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு கெஞ்சினனான் தெரியுமோ... நேற்றுத்தான் ஓம் எண்டவர். அவர்ட கை முதல்ல தரோணும். அது நடந்தால் அவர் திரும்பக் கதிரையை வெளியில போடுவார். எனக்குத் தெரியும்."

"சத்தியமா அனுப்பமாட்டன்," என்றான் அவன். "உங்கட பேரை நானே என்ட கையால எடுத்துவிடுறன்."

எடுத்தான். உண்மையிலேயே எடுத்தான். அதில் பொய்யில்லை.

வருசப்பிறப்பு விடிந்தது. மருத்துநீர் வைத்து முழுகி, புதுச் சேலை உடுத்தி, சாம்பவி சாமியறையில் நின்றாள். வாக்கிய பஞ்சாங்கப்படி காலையில் கைவிசேட நேரம். தவராசாவின் குடும்பத்தில் வழிவழியாக வாக்கியம்தான். திருக்கணிதம் என்ற மற்றப் பஞ்சாங்கத்தின் நேரம் வேறு, அதைப் பார்க்கிறவர்களைத் தவராசா ஒரு காலத்தில் வாய் விட்டுப் பகிடி பண்ணுவார்.

அவர் புது வேட்டியோடு வந்தார். கையில் வெற்றிலை. நெல், ஒரு செவ்வரத்தம்பூ, ஒரு தாள்காசு. கை நடுங்கியது. ஆனால் வந்தார்... மகளின் முகத்தைப் பார்த்தார், சிரிக்கவும் பார்த்தார். சாம்பவி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"விதுசனிடமிருந்து கைவிசேடம் வந்து சேர்ந்தது."

போன் சாமிப் படத்துக்குக் கீழே இருந்து தெளிவாகச் சொன்னது.

தவராசாவின் கை நின்றது. போனை எடுத்துப் பார்த்தார். திரையில் இருந்த கொயின் என்ற அந்தச் சொல்லை அவருக்கு வாசிக்கத் தெரியும், நன்றாகவே தெரியும்.

"அப்பா... அது வந்து... அப்பா!"

"பரவாயில்லைப் பிள்ளை," என்றார் அவர். கோபித்திருந்தால் தாங்கலாம். மெதுவாகச் சொன்னார். "உனக்கு வேற கை முதல் தந்திட்டுது. நல்லதுக்குத்தான். என்ட கை வேண்டாமெண்டு சாமியே சொல்லிப்போட்டுது."

வெற்றிலையைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். சாம்பவி நீட்டிய கைகளை மடக்கவும் தெரியாமல் நின்றாள்.

*

பொங்கல் ஆறிப் போயிற்று. வீட்டில் இருக்க முடியாமல், பூட்டிக் கிடந்த கடைக்கு வந்து தாழ்வாரத்து வாங்கில் இருந்தாள். மத்தியானம் தாண்டி விதுசன் வந்தான், பலகாரப் பெட்டியும் சிரிப்புமாக. அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு போய்விட்டது.

"சத்தியம் எண்டு சொன்னனீங்களெல்லோ!"

"என்ன நடந்தது?"

"உங்கட குரல் நடந்தது. சாமியறையில, அப்பா கையை நீட்டேக்கை... நான் உங்களை நம்பினதுதான் பிழை. அப்பாவுக்கும் பிழை, மகளுக்கும் அதே பிழை. நல்ல பரம்பரை!"

அவன் மடிக்கணனியைத் திறந்தான். விரல்கள் ஓடின. பிறகு அப்படியே தலையில் கை வைத்தான்.

"சாம்பவி... நான் ஒரு மடையன். வாக்கியத்துக்கு ஒரு வரிசை, திருக்கணிதத்துக்கு ஒரு வரிசை எண்டு ரெண்டு போட்டனான். எங்கட வீட்டில திருக்கணிதம். கைவிசேடம் எண்டதும் எனக்கு அந்த நேரம் மட்டும்தான் ஞாபகம் வந்தது. அதிலதான் உங்கட பேரை எடுத்தனான். வாக்கியத்தில எடுக்கேல்லை. உங்கட வீட்டில எது எண்டு ஒரு சொல்லுக் கேக்காமல் விட்டிட்டன்!"

 அவளுக்குக் கண்ணீர் வந்தது. குடாவின் மேல் மேகம் கூடிக்கொண்டு வந்தது.

"எழும்புங்கோ," என்றான் அவன். "நான் உங்கட அப்பாவோட கதைக்கோணும்."

"உங்களுக்கென்ன விசரோ? அந்தச் சொல்லைக் கேட்டாலே அவர்..."

"பேசினால் பேசட்டும். அடிச்சால் அடிக்கட்டும். நான் செய்த பிழையை நீங்கள் ஏன் சுமக்கோணும்?"

அதற்கு அவசியம் வரவில்லை. தவராசா மகளைத் தேடிக்கொண்டு அவரே வந்துகொண்டிருந்தார். கூடவே ஜெமீல். மூதூர்ப் படகோட்டி, வருசத்துக்கு வருசம் தவராசா வீட்டுப் பலகாரம் தின்ன வரும் பழைய சிநேகிதன். அந்தக் கொயினில் விழுந்தவர்களில் அவரும் ஒருவர். மழை தொடங்க, நான்கு பேரும் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். ஓட இடமில்லை, யாருக்கும்.

"ஐயா, நான்தான் விதுசன்," என்றான் அவன். "காலமை அந்தக் காசை அனுப்பினது என்ட பிழை. மகள் வேண்டாமெண்டு சொன்னவ. நான் ஓமெண்டு சத்தியம் பண்ணிப்போட்டு, எங்கட வீட்டுத் திருக்கணித நேரத்தில மட்டும் அவவின்ட பேரை எடுத்துப் பிழை விட்டிட்டன்."

தவராசா அவனை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினை மடங்காகுமாம் உன்ட காசு?"

"ஆகாது ஐயா. அதுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. சும்மா சோதனைக் காசு."

"பெறுமதியில்லை எண்டு சொல்லிக்கொண்டு வாற முதல் ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

ஜெமீலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"ஐயா, இன்னொண்டு. கச்சேரியில பதியிற மாதிரி ஒரு பதிவு இருக்கு, அது ஆறுதலாத்தான் நடக்கும், கூலியும் கூட. அந்தக் காசு இன்னும் அதில பதியேல்லை. எனக்கும் மகளுக்கும் நடுவிலதான் நிக்குது. திருப்பி அனுப்பினால் அது வந்ததாவே எங்கையும் இராது. ஆனா என்னால எடுக்க ஏலாது. அவவின்ட கைதான் அமத்தோணும். அவ ஓமெண்டால்தான்."

 "எனக்குக் கொயின் வித்தவங்கள் என்னட்ட ஓமோ எண்டு ஒண்டுக்கும் கேக்கேல்லை," என்றார் தவராசா. "பிள்ளை... திருப்பிக் குடுக்கிறியோ?"

சாம்பவி போனைக் கையில் எடுத்தாள். எத்தனை மழைப் பின்னேரம் இதே விரலால் அனுப்பியிருக்கிறாள்! விளையாட்டாக, சிரித்துக்கொண்டு. இன்றைக்கு விரல் போகவில்லை. 'இது கைவிசேடம்... அவன் கையால் எனக்கு வந்த முதல் கைவிசேடம். தெரியாமல் வந்தாலும் வந்ததுதானே... இதைத் திருப்பிக் கொடுத்தால்...' அவளுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. ஐயோ, இவ்வளவு நாளும் விளங்கவில்லையே! இந்த ஒரு சதம் பெறாத காசைக் கொடுக்க மனம் வரவில்லையே...

நிமிர்ந்தாள். அப்பா அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. போகாமல் நின்ற விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அமத்தினாள்.

"சாம்பவியிடமிருந்து வந்து சேர்ந்தது," என்று விதுசனின் போன் அவள் குரலில் சொன்னது. அவன் அதன் சத்தத்தை அடக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி," என்றார் தவராசா. "ஆனா நேரம் போயிட்டுது. என்ட கையும்..."

"அந்தக் கைக்கு என்ன?" ஜெமீல் பொறுமை இழந்துவிட்டார். "தவராசாண்ணே, ஒங்கட கையால கைவிசேசம் வாங்கின வருசம்தான் நான் புது இஞ்சின் போட்ட. பொறகு மூணு வருசமா வாறன், தின்னத் தாறீங்க, கைல ஒண்டும் தாறல்ல. காசு போனா போகட்டும். போட்டது நான், ஒங்கள்ல எனக்குக் கோவமில்ல. கைய ஏன் ஒளிக்கிறீங்க?"

தவராசா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.  மழை கூரையில் பேசிக்கொண்டிருந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"தம்பி... உங்கட வீட்டில திருக்கணிதம் எண்டனீ, என்ன?"

"ஓம் ஐயா."

"அதில... கைவிசேட நேரம் எப்ப?"

விதுசன் போனில் நேரத்தைப் பார்த்தான். "இண்டைக்குப் பின்னேரம், ஐயா. இன்னும் கொஞ்ச நேரத்தில."

"பிள்ளை," என்றார் தவராசா. "கடையைத் திற. உள்ளுக்கு வெற்றிலை கிடக்கும்."

வழிவழியாக வந்த வாக்கியம் அன்றைக்குப் பின்னேரம் அந்தத் தேத்தண்ணிக் கடையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. மேற்கே மேகம் விலகி, துறைமுகத் தண்ணீர் முழுக்க மஞ்சள் வெயில் பரவியது. தவராசா மகளின் இரண்டு கைகளிலும் வெற்றிலையை வைத்தார். கை நடுங்கவில்லை. சாம்பவி அவர் காலில் விழுந்து எழும்பி, அப்படியே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெமீல் தன் கையை நீட்டினார், அவருக்கும் கிடைத்தது. விதுசன் ஒரு மூலையில் நின்றான். தவராசா அவனையும் கூப்பிட்டு ஒன்று கொடுத்துவிட்டு, குசினிக்குள் மூலையில் கிடந்த கதிரையை இழுத்து வந்து முகப்பில் போட்டு உட்கார்ந்தார். படகால் இறங்கிய ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த மனிசன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

தாழ்வாரத்தின் அந்தத் தொங்கலில், சாம்பவி விதுசனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கூரையிலிருந்து துளி துளியாக இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சோதனை முடிஞ்சுதோ?" என்றாள்.

"முடிஞ்சுது. எல்லாற்ற சனலையும் இனி மூடோணும்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "உங்கடதையும்..."

"நான் சம்மதிச்சால்தானே?"

அவன் திரும்பினான்.

"நான் மூடமாட்டன்," என்றாள் அவள். காது வரை சூடேறியது. ஏறட்டும்! "காலமை வந்ததைத் திருப்பித் தாங்கோ. இன்னும் நேரம் இருக்குத்தானே?"

"சாம்பவி..." அவன் குரல் மிக மெல்லியதாக வந்தது. "கைவிசேடம் பெரியாக்கள் சின்னாக்களுக்குக் குடுக்கிறது. நான் உங்களுக்குப் பெரியாள் இல்லை. அதை விட்டால்... புருசன் பெண்சாதிக்குக் குடுக்கிறது. நான் எந்த முறையில அனுப்பட்டும்?"

மழை விட்ட துறையில் ஒரு மான் வந்து நின்று இரண்டு பேரையும் பார்த்தது. சாம்பவி அதைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"முதலாவது முறை வேண்டாம்," என்றாள்.

அவனுக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. உலகத்திலேயே வேகமான காசைக் கட்டுகிறவனுக்கு! பிறகு அந்தக் கண்கள் சிரித்தன... வாய் பிறகுதான்.

"விதுசனிடமிருந்து வந்து சேர்ந்தது."

போன் சத்தமாகவே சொல்லிவிட்டது. இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். முகப்புக் கதிரையில் தவராசா கடலைப் பார்த்தபடி இருந்தார். திரும்பவில்லை. ஆனால் குரல் வந்தது, படகுக்குக் கேட்கிற அந்தப் பழைய குரல்.

"தம்பி! போனில குடுக்கிறதை ஒரு நொடியில குடுத்துப்போடுவாய். மற்ற விசயத்துக்கு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கச்சேரிக்குப் போய்த்தான் பதியோணும். அது ஆறுதலாத்தான் நடக்கும், கூலியும் கூட. விளங்கிச்சோ?"

விதுசன் சாம்பவியைப் பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

"விளங்கிச்சு..." என்றான் அவன். ஐயா என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, மூச்சை இழுத்து, துறை முழுக்கக் கேட்கச் சொன்னான்.

"விளங்கிச்சு, மாமா!"